தீ காட்டாத பறை

எங்கள் அறைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "மேடம், இதையெல்லாம் வாசிச்சுப் பார்ப்பீங்களா?" பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வேன். காரில் வந்து இறங்கும் பெரிய மனிதர்கள் கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாசிக்க மாட்டோம். அருங்காட்சியகத்துக்குள் வந்துவிட்ட வீணையின் தந்திகளைத் தளர்த்திவிடுவோம். மிருதங்கத்தின் வாரை இளக்குவோம். நாகஸ்வரத்தின் சீவாளியைக் கழற்றித் தனியாகப் பஞ்சில் வைப்போம். முறுக்கிக் கட்டிய தந்தி நாளாக ஆக மரத்தை வளைத்துவிடும். இறுக்கிக் கட்டிய தோல் ஒரு கோடைக்குத் தாங்காது. ஒரு வாத்தியம் நமக்குப் பின்னாலும் இருக்க வேண்டுமென்றால் அதை வாசிக்காமல் விட வேண்டும். தஞ்சாவூரில் இந்த வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

வாசலில் உட்காரும் காவலர் எங்கள் அறைக்கு 'சத்தமில்லாத கச்சேரி' என்று பெயர் வைத்திருக்கிறார். மேசையில் தம்புரா கிடக்கும், அதற்குப் பக்கத்தில் தவில், அதற்கும் பக்கத்தில் கன்னத்தில் பூச்சி அரித்த ஒரு கிருஷ்ணர் படம். எல்லாம் சும்மா இருக்கும். நான் படித்தது வேதியியல். சரிகமபதநி வரிசையில் எது மேலே எது கீழே என்று கேட்டால் முழிப்பேன். பாட்டுத் தெரியாதவளிடம் போய் வாத்தியங்களைக் கொடுத்திருக்கிறார்களே என்று ஒரு வித்வான் என் முன்னாலேயே குறைப்பட்டார். பிரசவம் பார்க்கிற டாக்டர் எல்லாரும் பிள்ளை பெற்றவர்களா ஐயா என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் வீணைக் குடத்தில் காதை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் கேட்காது. கேட்காது என்று தெரிந்தும் வைப்பேன்.

படங்களைத் துடைப்பதும் எங்கள் வேலைதான். பூஜையறையில் ஒரு தலைமுறை மாட்டி வைத்திருந்த தஞ்சாவூர்ப் படம் வந்தால் அதன் தங்க ரேக்கின்மேல் விளக்குப் புகையும் எண்ணெயும் சேர்ந்து பிசுக்காகப் படிந்திருக்கும். அதை எடுக்க எத்தனையோ கரைசல்கள் உண்டு. அவற்றிலெல்லாம் மென்மையானது மனுஷ எச்சில். குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டு, மெல்ல உருட்ட வேண்டும். வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராஜாவின் படத்தை இப்படித் துடைத்துவிட்டு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன்.

"ராசா படத்து மேலயா?"

"மூஞ்சி மேலதான்பா."

"எச்சிலயா?"

"எச்சிலதான். அதுதான் சுத்தம் பண்ணும்."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். டீக்கடையில் எங்கள் தெரு ஆட்களுக்கென்று தனி டம்ளர் வைத்திருந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். குடித்த டம்ளரை அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். "வேற யாருகிட்டயும் சொல்லிடாத, வேலையை விட்டுத் தூக்கிடப் போறாங்க" என்றார். பிறகு எப்போது ஊருக்குப் போனாலும் சாப்பிட்டு முடித்ததும், இப்போது யார் மூஞ்சியைத் துடைக்கிறாய் என்று கேட்பார்.

எங்கள் ஊர் பாபநாசம் சாலையிலிருந்து உள்ளே போக வேண்டும். அப்பா கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆனவர். சம்பாதித்ததில் நகை வாங்கவில்லை, மாடு வாங்கவில்லை, முதலில் வீட்டுக்குத் தளம் போட்டார். தெருவில் எங்களுடையதுதான் முதல் தளம் போட்ட வீடு. ஜன்னலுக்குக் கதவு இல்லாமல் சாக்கை மாட்டியிருந்தோம், மேலே மட்டும் கான்கிரீட். அதற்குப் பிறகுதான் மூன்று மா நிலம் வாங்கினார், என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்.

அதற்கெல்லாம் முன்னால் அவர் பறை அடித்தவர். எங்கள் பக்கம் அதைத் தப்பு என்றும் மேளம் என்றும் சொல்வார்கள். அப்பா இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குச் சொன்னது அம்மா. அம்மா பிறந்த ஊர் குடமுருட்டி ஆற்றுக்கு அந்தக் கரை. "நாங்க நாத்து நட்டுக்கிட்டு இருப்போம். இந்தக் கரையில சாவு ஊர்வலம் போவும். நாலஞ்சு பேரு அடிப்பாங்க. அதுல ஒரு ஆளு அடி மட்டும் தனியாப் பிரிஞ்சு வரும். குனிஞ்சிருந்த இடுப்பு தானா நிமிந்துடும்" என்பாள். யார் அந்த ஆள் என்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வார்களாம். பிறகு பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை அந்த ஆள்தான் என்று தெரிந்ததும் முகம் எப்படி இருந்தால் என்ன என்று சரி சொல்லிவிட்டாளாம். இதைச் சொல்லும்போது அம்மா குரலைத் தாழ்த்திக்கொள்வாள். அப்பா காதில் விழக் கூடாது.

நான் பிறந்த வருஷம் அப்பா மேளத்தை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால், "விட்டுட்டாரு, அவ்வளவுதான்" என்பாள் அம்மா. அவளும் போய்ச் சில வருஷமாகிறது. அவள் சாவுக்கும் எங்கள் தெருவில் மேளம் கிடையாது. ஒலிபெருக்கியில் யாரோ ஒப்பாரி பாடினார்கள்.

எனக்கு அந்த அடியைக் கேட்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே இந்த ஆசை. இப்போது பறை எல்லா மேடையிலும் ஏறிவிட்டது. கல்லூரி விழாவில், புத்தகத் திருவிழாவில், கல்யாண மண்டபத்தில் பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரே ஒழுங்கில் அடிக்கிறார்கள். பார்க்கப் பெருமையாக இருக்கிறது, கையும் தட்டுகிறேன். ஆனால் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரிந்து வரும் ஒரு அடியைத்தான் என் காது தேடும். செல்போனில் அந்த வீடியோக்களை அப்பாவிடம் காட்டியிருக்கிறேன். "நல்லா அடிக்கிறாங்க" என்பார். என்னிடம் போனைக் கொடுத்துவிட்டு டிவியில் செய்தி வைப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் அருங்காட்சியகத்தில் புதிதாக ஒரு கூடம் திறக்க முடிவு செய்தார்கள். அதுவரை கோயில் வாத்தியமும் அரண்மனை வாத்தியமும்தான் கண்ணாடிக்குள் இருந்தன. இனி உடுக்கை, பம்பை, கொம்பு, பறை எல்லாவற்றுக்கும் இடம். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தேங்காய் மண்டிக்காரர், பழைய சாமான்களைச் சேர்த்து வைக்கும் ஆசை உள்ளவர், ஒரு பழைய பறையைக் கொடுத்தார். சணல் சாக்கில் சுற்றி, லாரி கேபினில் வைத்து வந்தது. எந்த ஊர்க்காரருடையது என்று அவருக்கும் தெரியவில்லை.

சாக்கைப் பிரித்ததும் நான் செய்ய வேண்டிய முதல் வேலை போட்டோ எடுப்பது. அதைச் செய்யவில்லை, கையுறை கூடப் போடாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வேப்ப மரத்தை மூன்று துண்டாக வளைத்துச் செதுக்கி, இரும்புப் பட்டை அடித்துச் சேர்த்த வளையம். அதன்மேல் கன்றுத் தோல். புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் உதிர்ந்திருந்த துளியைச் சோதித்துப் பார்த்துதான் பதிவேட்டில் எழுதினேன் என்றாலும், பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வளையத்தின் மேல்விளிம்பில் ஓர் இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்து பள்ளமாகி இருந்தது. தோளில் மாட்டி அடிக்கும்போது இடது மணிக்கட்டு படும் இடம். ஒரு ஆளின் ஆயுசு முழுக்கக் கை பட்டால்தான் வேப்ப மரம் அப்படித் தேயும்.

தோலில் கரி ஏறியிருந்தது. பறையை அப்படியே எடுத்து அடிக்க முடியாது. வைக்கோலைக் கொளுத்தி, அந்தத் தீயில் தோலைக் காட்டிக் காய்ச்ச வேண்டும். சூடு ஏறினால்தான் தோல் விறைத்துச் சத்தம் எழும்பும். கொஞ்ச நேரம் அடித்ததும் தொய்யும், மறுபடி காய்ச்ச வேண்டும். அந்தக் கரியைத் துடைத்துவிடலாமா என்று எங்கள் காப்பாட்சியர் கேட்டார். என்னைவிட வயதில் இளையவர், நல்ல மனிதர், கூடத்தைச் சீக்கிரம் திறந்துவிட வேண்டும் என்று பறந்துகொண்டிருந்தவர். துடைக்கக் கூடாது சார், அழுக்கு வேறு, வேலை செய்த தடம் வேறு என்றேன். சாக்கிலிருந்து ஒட்டிய தூசியை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன்.

பறைக்கு இரண்டு குச்சி. வலது கையில் குட்டையாக, தடியாக ஒன்று. இடது கையில் மூங்கிலைச் சீவின நீளமான மெல்லிய சிம்பு. மண்டிக்காரர் கொடுத்ததில் தடிக்குச்சி மட்டும்தான் இருந்தது. ஒரு நாள் காப்பாட்சியர் சந்தோஷமாக ஒரு பொட்டலத்தோடு வந்தார். பேண்டு வாத்தியக் கடையில் வாங்கியது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு குச்சிகள், வார்னிஷ் பளபளத்தது.

"சார், இது கல்யாண பேண்டு இல்ல" என்றேன்.

"அப்ப எப்படி இருக்கணும், சொல்லுங்க. செஞ்சிடலாம்."

"எனக்கு அளவு தெரியாது. இந்தப் பறைக்கு என்ன சிம்பு வச்சிருந்தாங்கன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னார். "உங்க அப்பாகிட்ட கேட்டா தெரியுமே."

அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாருடையதும் தெரியும், யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். "எங்கப்பா ரிட்டயர்டு மேஸ்திரி சார்" என்றேன். குரல் என்னை மீறி உயர்ந்துவிட்டது. அவர் முகம் சுண்டிப்போய், தவறாக எடுத்துக்கொள்ளாதீங்க மேடம் என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். நான் குழாயடியில் போய் நின்றேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இத்தனை வருஷமாக நான் அப்பாவிடம் கேட்கத் துடித்துக் கேட்காமல் இருந்ததை, அந்த மனிதர் டீ சொல்வதுபோலச் சொல்லிவிட்டார். அதுதான் தாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். புரட்டாசிக் கடைசி. சம்பா நடவு முடிந்த வயலுக்கு முறைத் தண்ணீர் வர வேண்டிய நாள். அப்பா வாய்க்கால் மடையில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். மேல் வயல்காரன் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிவிட்டானோ என்று அவருக்குச் சந்தேகம். வயசு எழுபதைத் தாண்டியும் தண்ணீர் விஷயத்தில் அவர் யாரையும் நம்ப மாட்டார். வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். புதுக் கூடம் வருகிறது என்றேன். அதில் ஒரு பறை வைக்கப் போகிறோம் என்றேன். அவர் தண்ணீர் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது கைச் சிம்பு எவ்வளவு நீளம்பா இருக்கும்?"

"கடையில கேட்டு வாங்கிக்க."

"கடையில இல்லப்பா. நீங்க ஒண்ணு சீவித் தந்தா..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. சிம்பு கேட்டால் அவர் கையில் மூங்கில் வரும், மூங்கில் வந்தால் விரல் சும்மா இருக்காது என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அது அவருக்கும் புரிந்துவிட்டது போலிருந்தது.

அவர் கோபப்படவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "நீ எந்த மாசம் பொறந்த?" என்று கேட்டார்.

"ஐப்பசி."

"ஐப்பசி அடமழை. ஒரு வாரமா விடல. உங்கம்மா உன்னப் பெத்து அஞ்சாறு நாளுகூட ஆவல. பெரிய தெருவுல ஒரு சாவு. வந்து கூப்புட்டாங்க, போனோம். மழையில தோலு தொய்ஞ்சு போச்சு. தட்டுனா சாக்கத் தட்டுன மாதிரி இருக்கு. காய்ச்சணும். ஊர்ல காஞ்ச வைக்கோல் ஒரு பிடி கெடையாது. அவங்க வைக்கப்போர் மட்டும் மல மாதிரி நிக்கிது, உள்ள காஞ்சுதான் கெடக்கும். ரெண்டு பிடி உருவிக்கிறோம்னு கேட்டோம். போரைக் கலைச்சா உள்ள தண்ணி எறங்கிடும், மாடு என்னத்தத் திங்கும்னாங்க."

"ஒங்கூரையில இருக்குல்லடா, அதுல உருவிக்கடான்னாரு ஒருத்தரு. கொடையோட கூடவே வந்து நின்னாரு. நம்ம வீடு அப்ப வைக்கோல் கூரை. மேல நனைஞ்சாலும் உள்பக்கம் காஞ்சுதான் இருந்துச்சு. உருவினேன். உங்கம்மா உன்ன மடியில வச்சுக்கிட்டு ஒரு மூலையில உக்காந்திருந்தா. நான் உருவ உருவ அங்க ஒழுகும். அவ அடுத்த மூலைக்கு நகருவா. ஒரு வார்த்தை பேசல அவ."

தண்ணீர் வந்துவிட்டது. நுரையும் சருகுமாக மடைக்குள் நுழைந்ததை அவர் குனிந்து பார்த்தார். மண்ணை வெட்டி வழிவிட்டார்.

"காய்ச்சுனதும் நல்லா எழும்பிச்சு. அன்னிக்கு அடிச்ச மாதிரி நான் என்னைக்குமே அடிச்சதில்ல. எல்லாருமே சொன்னாங்க. காரியம் முடிஞ்சு வந்ததும் ஒடச்சு அடுப்புல வச்சிட்டேன். ஒரு பொழுது சோறு அதுலதான் வெந்துச்சு. பொறவு தெருவே கூடிப் பேசி, இனிமே யாரும் அடிக்கிறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மேல் வயல்காரனைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். வழக்கம்போல யார் மூஞ்சி என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. நான் நிமிர்ந்து தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கதவுக்கு முன்னால் ஏன் தளம் வந்தது என்று எனக்கு அதுவரை தெரியாது.

பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வந்தது. கூரை உருவியதற்காக மட்டும் அழுதேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அவரே தன் ஆயுசில் நன்றாக அடித்ததாகச் சொன்ன அந்த அடி, பிறந்து சில நாளான என் காதில் விழுந்திருக்கும். மழை ஒழுகாத ஒரு மூலையில், அம்மா மடியில் கிடந்தபடி கேட்டிருப்பேன். அம்மாவும் கேட்டிருப்பாள். இக்கரையிலிருந்து அந்த அடி வந்தபோது அக்கரை வயலில் நிமிர்ந்த இடுப்பு அன்றைக்கு நிமிர்ந்திருக்குமா? நல்லதை மட்டும் எனக்குச் சொல்லிவிட்டு மற்றதை அவள் விழுங்கிவிட்டாள். அப்பா எதை அடுப்பில் வைத்தாரோ அதற்காக நான் ஏங்குகிறேன். அது நியாயமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நியாயம் இல்லைதான். தெரிந்தும் அந்த ஏக்கம் போகவில்லை.

காப்பாட்சியரிடம் சிம்பு கிடைக்கவில்லை என்று சொன்னேன். புதிதாக ஒன்று செய்து வைப்பது நேர்மையில்லை, இருப்பதை மட்டும் வைப்போம் என்றேன். தடிக்குச்சிக்குப் பக்கத்தில் சிம்பு இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டோம். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வார்னிஷ் குச்சிகளை அவர் பையன் கிரிக்கெட் ஸ்டம்பாக வைத்துக்கொண்டானாம்.

கண்ணாடிக்குள் வைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை பாக்கி இருந்தது. தஞ்சாவூர்ப் படத்தில் மரப்பலகையின்மேல் துணி, துணியின்மேல் சுண்ணமாவு, அதன்மேல் ரேக்கு. உள்ளுக்குள் எங்காவது கழன்றிருந்தால் வெளியே தெரியாது. விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் கழன்ற இடம் மட்டும் பொள்ளலாகக் கேட்கும். பறையிலும் அப்படித்தான், தோல் வளையத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று விளிம்பைச் சுற்றித் தட்டிப் பார்க்க வேண்டும். அது என் வேலை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் தட்டினேன். ஈரம் உறிஞ்சும் மெஷினை நிறுத்தியிருந்தேன், அதன் இரைச்சல் இடையில் வரக் கூடாது என்று. ஆள்காட்டி விரலால் விளிம்பில் தட்டினால் தொப் என்றது. ஒரு சுற்று போனேன். பசை எல்லா இடத்திலும் நன்றாகப் பிடித்திருந்தது. ஒரு சுற்றே போதும். நான் மறுபடியும் சுற்றினேன். நடுவில் தட்ட வேண்டிய தேவையே இல்லை, நடுவிலும் தட்டினேன். சாக்கைத் தட்டினது மாதிரிதான் இருந்தது. இந்தத் தோலுக்குத் தீ வேண்டும். ஒரே ஒரு பிடி வைக்கோல் போதும், அது பேசிவிடும். தீயை இதற்குப் பக்கத்தில் கொண்டுவருகிறவனை வேலையை விட்டு அனுப்பும்படி எழுத வேண்டிய பொறுப்பில் இருப்பவள் நான். மெஷினை ஓடவிட்டு, கையைக் கழுவிவிட்டு, 'பசை உறுதி' என்று எழுதி வைத்தேன்.

கூடம் திறந்தார்கள். அப்பாவைக் கூப்பிட்டேன். பார்க்கலாம் என்றார், வரவில்லை. நடவுக்குப் பிறகு களை, களைக்குப் பிறகு உரம், ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் வற்புறுத்தவில்லை, ஆனால் உள்ளே ஒரு திட்டம் வைத்திருந்தேன். வார விடுமுறையன்று ஜனம் இருக்காது. அன்றைக்கு அவரைக் கூட்டிவந்து, கண்ணாடியைத் திறந்து, அந்தத் தேய்ந்த இடத்தில் அவர் மணிக்கட்டை வைக்கச் சொல்லலாம். அடிக்கச் சொல்ல மாட்டேன். அவராக, தன்னை அறியாமல், விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். தொய்ந்த தோலாக இருந்தாலும் பரவாயில்லை. உதவியாளர் யாராவது இப்படிச் செய்யப்போவதாகச் சொன்னால் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவேன். எனக்கு மட்டும் அது பெரிய குற்றமாகத் தோன்றவில்லை.

அறுவடை முடிந்த மாசியில், ஒரு வேலை நாளில், காவலர் போன் செய்தார். "மேடம், உங்க அப்பா வந்திருக்காரு. டிக்கெட் எடுக்க வேணாம்னு சொன்னேன், எடுத்துட்டுத்தான் உள்ள போனாரு."

மேசை டிராயரைத் திறந்து கண்ணாடிப் பெட்டியின் சாவியை எடுத்துக் கையில் மூடிக்கொண்டு ஓடினேன். மதியச் சாப்பாட்டு நேரம், புதுக் கூடத்தில் வேறு யாரும் இல்லை. அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டிருந்தார். பறைக்கு முன்னால் நின்றார். நான் எதிர்பார்த்ததுபோல அவர் தோலைப் பார்க்கவில்லை, தேய்ந்த விளிம்பையும் பார்க்கவில்லை. கொத்தனார் கண்ணோடு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி எவ்வளவு கனம், சட்டத்தில் இடைவெளி இருக்கிறதா, பூட்டு எங்கே என்று குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். சாவி வியர்வையில் நனைந்திருந்தது.

"சாவி யாருகிட்ட இருக்கும்?" என்று கேட்டார்.

"என்கிட்ட ஒண்ணு. ஆபீஸ்ல ஒண்ணு."

"ஏதாவது விசேஷம்னா எடுப்பாங்களா?"

"மாட்டாங்கப்பா."

"மந்திரி வந்து கேட்டா? பெரிய ஆளுங்க யாராச்சும் வந்து, எடுத்துட்டு வா, அடிச்சுக் காட்டச் சொல்லுன்னா?"

இதே கேள்விக்கு இருபது வருஷமாகப் பதில் சொல்லி வருகிறேன். பெரிய மனிதர்கள் கேட்டால் எரிச்சலோடு சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சாவியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு தூரம் பஸ் ஏறி, டிக்கெட் எடுத்து, அவர் பார்க்க வந்தது இந்தப் பதிலைத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"முடியாதுப்பா" என்றேன். "யாரு கேட்டாலும் எடுக்க முடியாது. அடிக்கவும் முடியாது."

"நீ கேட்டாலுமா?"

"நான் கேட்டாலும்தான்."

அவர் பெட்டியின் சட்டத்தை உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அது ஆடவில்லை.

"அப்ப சரி" என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மற்ற வாத்தியங்களையும் காட்டச் சொன்னார்.